அடி அண்ணாமலைக்கு மண் எடுக்கப் போனோம்

செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், பஸ்ஸின் பின்பக்கத்து டயர் வெடித்தது. நோரிகோ-சான் மடியிலிருந்த பையை இறுக அணைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "டயர்தான்" என்றேன் ஜப்பானிய மொழியில். அவர் மூச்சை விட்டார். கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டு, "அரை மணி நேரம் ஆவும், யாரும் தூரமா போவாதீங்க" என்றார். எல்லாரும் தூரமாகத்தான் போனார்கள்.

புளியமரத்தடியில் ஒரு அம்மா வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். நாலாகக் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தந்தார். நோரிகோ-சான் வாங்கிய கையோடு பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவுள்ள மஞ்சள் கருவி ஒன்றை எடுத்து வெள்ளரிக்கு மேலே ஒரு முறை காட்டினார். சின்னத் திரையைப் பார்த்தார். பிறகுதான் கடித்தார்.

"இன்னாம்மா அது? செல்லா?"

"செல் இல்லைங்க. கதிர்வீச்சு இருக்குதானு பாக்கற மெஷின்."

"என் வெள்ளரிக்காயிலயா?" அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதான் பாத்துட்டாங்கல்ல. இன்னும் ரெண்டு வாங்கிக்கச் சொல்லு."

நோரிகோ-சானுக்கு அறுபத்தோரு வயது. 'சான்' என்பது நம் 'ங்க' மாதிரி ஒரு மரியாதை ஒட்டு. ஃபுகுஷிமாவின் மலைப்பக்கத்தில் நெல்லும் காய்கறியும் விளைவித்துக்கொண்டிருந்தவர். அணு உலை விபத்துக்குப் பிறகு ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன்பின் நான் வேலை பார்க்கும் மண் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அந்தக் கருவி இல்லாமல் அவர் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. மளிகைக் கடைக்குப் போனாலும் பையில் இருக்கும். கண்ணாடி போட்டவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் வேலை இதுதான். விபத்தில் வெளிவந்த சீசியம் மண்ணில் விழுந்தது. விழுந்தது அங்கேயே கிடப்பதில்லை. செடியும் மரமும் அதை நகர்த்துகின்றன. இப்படி நூறு, இருநூறு வருஷம் போனால் அது எங்கே போய்ச் சேரும்? காத்திருந்து பார்க்க முடியாது. ஆனால் கருங்கல் சிதைந்து உண்டான மண்ணில் கதிர்வீச்சே இல்லாத சீசியம் துளியளவு இயற்கையாகவே இருக்கிறது. யுகக்கணக்காக அங்கேயே இருப்பது. அதுவும் இதுவும் மண்ணில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதன் போக்கைப் பார்த்தால் இதன் போக்கைக் கணிக்கலாம். நெடுங்காலம் ஒரே பயிர் விளைந்த கருங்கல் மண் எங்கே கிடைக்கும் என்று பேச்சு வந்தபோது, யாரும் கேட்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன். "எனக்கு ஒரு நிலம் தெரியும்."

ஜப்பானிலேயே தேடியிருக்கலாம். அது எனக்கும் தெரியும்.

திருவண்ணாமலையில் இறங்கியபோது உச்சிவெயில். பங்குனி. இருபத்திரண்டு வருஷ வெளிநாட்டு வாழ்க்கையில் நாலைந்து முறைதான் வந்திருக்கிறேன். அதுவும் கல்யாணம், கருமாதி என்று ஓட்டமாக வந்து ஓட்டமாகப் போனது. இந்த முறை லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு நோரிகோ-சானை வேங்கிக்காலுக்கு அழைத்துப்போனேன். கலெக்டர் ஆபீஸ் வந்த புதிதில் அப்பாவுக்கு அங்கே குமாஸ்தா வேலை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் அப்போது வெறும் வயல். பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் வரப்பில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வேன். இப்போது அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். நான் எதையோ தேடுவதைப் பார்த்த நோரிகோ-சான் ஒன்றும் கேட்கவில்லை. ஊரை இழந்தவர்களுக்கு அந்த நாகரிகம் தெரியும்.

மாலையில் தேரடி வீதிப் பக்கம் தோசை சாப்பிட்டோம். "இங்கே சத்தம் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது" என்றார் நோரிகோ-சான். எங்கள் ஆய்வுக்கூடத்து உணவறையில் நாற்பது பேர் சாப்பிட்டாலும் நூடுல்ஸ் உறிஞ்சும் ஓசை மட்டும்தான் கேட்கும்.

மறுநாள் காலை அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தோம். டிரைவர் நோரிகோ-சானைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஒரு ஆசிரமத்து வாசலில் நிறுத்தினார்.

"அடி அண்ணாமலைனு தானே சொன்னேன்?"

"ஃபாரின்காரங்க எல்லாம் இங்கதான்மா வருவாங்க. நீங்க தப்பா சொல்றீங்களோனு நெனச்சேன்."

"நாங்க மல்லாட்டை கொல்லைக்குப் போறோங்க."

அவர் என்னை நம்பாத பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர், பயிர் வைக்கும் மேட்டு நிலத்துக்குக் கொல்லை. ஜப்பானில் மல்லாட்டை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆளே கிடையாது.

கொல்லை வாசலில் அமுதா நின்றிருந்தாள். அரசுக் கல்லூரியில் மூன்று வருஷம் என்னோடு வேதியியல் படித்தவள். என்னைவிட நன்றாகப் படித்தவள். மேல்படிப்புக்கு இருவருமே விண்ணப்பித்தோம், இருவருக்குமே இடம் கிடைத்தது. அந்தக் கோடையில் அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். நான் போனேன், அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். கணவருக்கு பெங்களூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில் வருவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கடை போட்டு வேகவைத்த மல்லாட்டை விற்கிறாள்.

"வாடி ஜப்பான்காரி" என்றாள். "மண்ணு எடுக்கறதுக்கா அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்த? சொல்லியிருந்தா பார்சல் அனுப்பியிருப்பேன்ல." பிறகு நோரிகோ-சானைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் இடுப்பு மடிய வணங்கினார். அமுதாவும் பதிலுக்குக் குனிந்தாள். இரண்டு பேரும் மாறிமாறிக் குனிந்துகொண்டே இருந்ததில் நான்தான் நடுவில் புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

கொல்லையில் செடி பிடுங்கும் பதத்தில் இருந்தது. ஒரு செடியைப் பிடுங்கி, வேர், தண்டு, இலை என்று தனித்தனி உறைகளில் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"சீசியமா?" அமுதா கண்ணை மூடினாள். "லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். அட்டவணையில ஒரே வரிசைதானே? அப்போ வேருக்கு ஆள் அடையாளம் தெரியாது."

"அதேதான். பொட்டாசியம்னு நெனச்சு உள்ள விட்டுடும். இலைக்குப் போவும். இலை உதிரும். மறுபடி மேல்மண்ணுக்கே வந்துடும். மழை கீழ எறக்கப் பாக்கும், மரம் மேல இழுத்துக்கினே இருக்கும்."

"செடியே இல்லாத எடத்துல?"

"மேல்மண்ணே அரிச்சுக்கினு ஆத்துக்குப் போயிடும். அந்த வகையில வேர் புடிச்சு வெக்கறதும் நல்லதுதான்."

இதை நான் ஜப்பானிய மொழியில் சொன்னதும் நோரிகோ-சான் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் ஊரில் எல்லாரும் சூரியகாந்தி நட்டார்களாம், அது விஷத்தை உறிஞ்சிவிடும் என்று கேள்விப்பட்டு. பூ மட்டும் ஏகமாகப் பூத்தது. களிமண் சீசியத்தைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்ததால் செடியால் கொஞ்சம்தான் இழுக்க முடிந்தது. கடைசியில் மேல்மண்ணையே சுரண்டிக் கருப்பு மூட்டைகளில் கட்டிக்கொண்டு போனார்கள். "என் மாமனார் நாற்பது வருஷம் எருப் போட்டு வளர்த்த மண்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அமுதா கையிலிருந்த மண்ணைக் கொஞ்ச நேரம் உதறாமல் வைத்திருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. களைப்பாக இருக்கிறதென்று நோரிகோ-சான் கொல்லை ஓரத்துப் பாறையில் உட்கார்ந்து, பழக்கத்தில் கருவியை எடுத்துப் பாறைமேல் வைத்தார். கருவி கீச்சென்று கத்தியது. விட்டு விட்டு, நிற்காமல். தன் ஊருக்காக அதை மிகக் குறைந்த அளவுக்கே கத்தும்படி வைத்திருந்தார். கருங்கல்லில் லேசாகக் கதிர்வீசும் தோரியம் இருக்கும். பூமி உண்டான நாளிலிருந்து இருப்பது, யாரையும் ஒன்றும் செய்யாதது. அவசரமாக அணைத்தார். ஆனால் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை கையில் செல்லோடு வேலியோரம் நின்றிருந்தார். அமுதாவின் வீட்டுக்கு வெளிநாட்டுக்காரர் வந்திருப்பதைப் படமெடுக்க வந்தவருக்குக் கத்தும் கருவியே கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது கொல்லையில் அமுதா மட்டும் தனியாகச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். எட்டுப் பெண்கள் வேலைக்கு வருவதாக இருந்தது. ஒருவரும் வரவில்லை.

"ஊர் குரூப்புல போட்டுட்டாரு ஏழுமலை அண்ணன்" என்றாள் நிமிராமல். "ஜப்பான் சயின்டிஸ்டு வந்து செக் பண்ணாங்களாம். அமுதா கொல்லையில அணு விஷம் இருக்குதாம். மண்ணுல கை வெக்க மாட்டேன்றாங்க. நாளைக்கு பௌர்ணமி. என் மல்லாட்டைய எவன் வாங்குவான்?"

தண்ணீர் நிறுத்திய கொல்லை. ரெண்டு நாள் வெயில் அடித்தால் மண் இறுகிவிடும், பிடுங்கினால் காய் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். இது எனக்கும் தெரியும். நான் நேராக ஏழுமலை டீக்கடைக்குப் போய் அங்கிருந்தவர்களுக்கு விளக்க ஆரம்பித்தேன். மாநாடுகளில் பேசிப் பழக்கப்பட்ட நாக்கு. "பயப்படவே வேணாங்க. இந்த மண்ணுல சீசியம்னு ஒண்ணு இயற்கையாவே கொஞ்சம் இருக்கு. பாறையில தோரியம் இருக்கு. ஆனா..."

"இருக்குதுனு அவங்களே சொல்லிட்டாங்கடி" என்று ஒரு பெண் எழுந்தார். என்னுடைய 'ஆனா'வைக் கேட்க யாரும் நிற்கவில்லை.

திரும்பி வந்து அமுதாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ மண்ண எடுத்துக்கினு போயிடுவ வசந்தி. நான் இந்த மண்ணுலதான் இருக்கணும்."

என்ன பேசிக்கொள்கிறோம் என்று நோரிகோ-சான் கேட்டார். மறைக்க முடியவில்லை, சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஊரை விட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, கடையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் குழந்தையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். இன்று என் கருவியால் அமுதா-சானை அப்படிப் பார்க்கிறார்கள்." எழுந்தார். "என்னை அந்தக் கடைக்கு அழைத்துப் போ. நீ பேசாதே. நான் சொல்வதை மட்டும் மொழிபெயர்."

டீக்கடையில் ஏழுமலை எங்களைப் பார்த்ததும் அடுப்புக்குப் பின்னால் நகர்ந்தார். நோரிகோ-சான் அவர் முன்னால் நின்று ஆழமாக வணங்கி, இரண்டு கையாலும் கருவியை நீட்டினார். "நான் பார்த்தால் நம்பமாட்டார்கள். நீங்களே பாருங்கள்."

ஏழுமலை தயங்கித் தயங்கி வாங்கினார். முதலில், எங்கள் பின்னாலேயே வந்த அமுதா கொண்டுவந்திருந்த மல்லாட்டைக் கூடையில் வைத்தார். சத்தமில்லை. கொல்லை மண் ஒரு கைப்பிடி. சத்தமில்லை. பிறகு நோரிகோ-சான் கடையின் படிக்கல்லைக் காட்டினார். வைத்ததும் கருவி கீச்சிட்டது. ஏழுமலை கையை உதறாத குறைதான்.

"இது எங்க தாத்தா போட்ட கல்லுங்க! எழுவது வருஷமா இதுமேல உக்காந்துதான் எல்லாரும் டீ குடிக்கறாங்க!"

கூட்டம் சேர்ந்தது. பாதையோரத்துக் கல்மண்டபத் தூணில் வைத்தார், கத்தியது. மலைப்பக்கத்துப் பாறையில் வைத்தார், கத்தியது. வேப்பமரத்தில் வைத்தார், கத்தவில்லை.

"அப்போ மலையே கத்துதா?" என்றார் ஏழுமலை.

காலையில் எழுந்து போன அதே பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "அது நெருப்பு மலைடா. கத்தாம இன்னா பண்ணும்?"

சிரிப்பு ஒரு ஓரத்தில் ஆரம்பித்து எல்லாரையும் பிடித்துக்கொண்டது.

நோரிகோ-சான் அந்தப் படிக்கல்லில் உட்கார்ந்து பேசினார். நான் வரிக்கு வரி சொன்னேன். "எங்கள் மலையில் வசந்தம் வந்தால் ஒரு மரம் துளிர்விடும். அந்தத் துளிரை மாவில் தோய்த்துப் பொரிப்போம். என் கணவருக்கு உயிர். விபத்துக்குப் பிறகு அந்த மரம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக விஷத்தை மண்ணிலிருந்து துளிருக்கு ஏற்றியது. வருஷா வருஷம் துளிர் வரும், பார்க்கலாம், தின்னக் கூடாது. அவர் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். நான் பொரித்துத் தரவில்லை. விஷமான மண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை." பிறகு கூடையிலிருந்து மல்லாட்டையை எடுத்து உரித்து, கருவியைத் தொடாமலே, தின்றார்.

ஏழுமலை டீ போட்டு அவர் கையில் கொடுத்தார். "வீட்டுக்காரருக்குக் குடுத்திருக்கலாம்மா" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. நோரிகோ-சானுக்கு எப்படியோ புரிந்துவிட்டது, தலையை ஆட்டினார்.

ஏழுமலை அன்றே இன்னொரு வீடியோ போட்டார். முதலாவது போன வேகம் இதற்கு இல்லை. மறுநாள் காலை எட்டுப் பேரில் ஐந்து பேர் வந்தார்கள். 'நெருப்பு மலை' சொன்னவர்தான் முதலில் கொல்லையில் இறங்கினார். மீதி ஆளுக்கு நானும் நோரிகோ-சானும் குனிந்தோம். நோரிகோ-சானின் கை, செடியின் அடியைப் பிடித்து ஒரே சுண்டில் இழுத்தது. விவசாயக் கை மறக்கவில்லை. என்னுடையது மறந்திருந்தது, மறக்க ஒன்றும் இருந்ததே இல்லை என்றும் சொல்லலாம். மதியத்துக்குள் விரலெல்லாம் கொப்புளம்.

அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் கிரிவலக் கூட்டம் வர ஆரம்பித்தது. அமுதாவின் கடையில் ஆவி பறக்கும் மல்லாட்டையை நோரிகோ-சான் காகிதக் கூம்பில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டி, வணங்கித் தந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, வாங்கினார்கள். உள்ளூரில் சிலர் எதிர்ப்பக்கமாகவே நடந்துபோனார்கள். வழக்கமாக வாங்கும் டீக்கடைகளில் ஒன்று வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஒரு அண்டா மீந்தது. "காய வெச்சுக்கலாம், போ" என்றாள் அமுதா. குரலில் கோபம் குறைந்திருந்தது, தீர்ந்திருக்கவில்லை. நாங்கள் கல்லூரிக்குப் போன பஸ்ஸில் ஒரே சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து போனதை நான் ஞாபகப்படுத்தினேன். "ம்" என்றாள், சில்லறை தேடிக்கொண்டே.

கடைசி நாள் அவள் வீட்டுக் கூடத்தில் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அமுதா என் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"கெழக்குப் பாதி, மேற்குப் பாதினு போட்டிருக்க. ரெண்டும் ஒரே மண்ணுனு எழுதியிருக்க?"

"ஒரே மண்ணுதானே? உரம் இன்னா போட்டனு கேட்டேன், டிஏபியும் ஜிப்சமும்னு சொன்ன."

"கடையில வாங்கனது அது. பௌர்ணமிக்குப் பாதையில அன்னதானம் போடறாங்கல்ல, வெறகு அடுப்பு. மறுநாள் அந்தச் சாம்பலெல்லாம் வண்டியில அள்ளிக்கினு வந்து கெழக்குப் பாதியில கொட்டுவேன். பத்து வருஷமா."

நான் உறையைக் கீழே வைத்தேன். விறகுச் சாம்பல் என்றால் பொட்டாசியம். மண்ணில் பொட்டாசியம் ஜாஸ்தியாக இருந்தால் வேர் சீசியத்தைக் கம்மியாகத்தான் எடுக்கும். ஃபுகுஷிமா வயல்களில் பொட்டாஷ் போட்டுத்தான் நெல்லைக் காப்பாற்றினார்கள். இங்கே ஒரே கொல்லையில், ஒரே கல்லில் பிறந்த மண்ணில், சாம்பல் பட்ட பாதியும் படாத பாதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கடல் தாண்டி வந்து தேடியதைவிடப் பெரிய விஷயம். இது தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கலக்க இருந்தேன்.

"முன்னாடியே ஏன்டி சொல்லல?"

"நீ கேட்டியா? உரம்னு ஒரு கட்டம் போட்டு எடுத்துக்கினு வந்த. நேத்துலேர்ந்து யோசிச்சேன், ஒரே வரிசைதானே, சாம்பலுக்கு எதுனா வேலை இருக்குமேனு." குறிப்பேட்டை என்னிடம் தள்ளினாள். "எழுதிக்கோ. கட்டுரையில பேர் போடறப்ப என் பேரும் வரணும்."

"போடாம? உன் பேர்தான் மொதல்ல." அத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீயும் வந்திருந்தா நல்லாருந்திருக்கும் அமுதா. அந்த லேபு, அந்த பஸ்ஸு, எதையும் என்னால மறக்க முடியல. உனக்கு ஏக்கமா இல்லியா?"

"அப்பாவ விட்டுட்டு வந்திருக்க முடியாது. மொதல் ரெண்டு வருஷம் அழுதேன். அப்புறம் வேலைக்கே நேரம் சரியா போச்சு. எனக்கு ஏக்கம்லாம் ஒண்ணும் இல்லடி. உனக்குத்தான் இருக்குது. பாவம், அங்க தனியா உக்காந்துக்கினு இதையே நெனச்சுக்கினு இருந்திருக்க." என் கொப்புளம் பட்ட விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் எடுத்துவர உள்ளே போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எங்களை வழியனுப்ப வந்தாள். ஜன்னலோரம் நோரிகோ-சான், பக்கத்தில் நான். கீழே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அமுதா, மலைக்குப் பின்னால் கருத்து வந்த மேகத்தைப் பார்த்தாள். கோடை மழை. வீட்டு வாசலில் பௌர்ணமிக்கு மீந்த மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"போறேன்டி, நனைஞ்சிடும்" என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பஸ் கிளம்பும்வரை நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்றுக்குக் கை காட்டி, அது நிற்பதற்கு முன்பே ஏறிக்கொண்டாள்.